திருநாவுக்கரசு ஆயுதத்தை ஒப்படைத்த வரலாறு

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள் என்றால் மற்றவர்கள் வேட்பாளர் யார் என்று பார்ப்பார்கள். திருநாவுக்கரசு, இஸ்திரிக்குப் போட்ட வெள்ளைச் சட்டை வந்துவிட்டதா என்று பார்ப்பார்.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. திருநாவுக்கரசுக்கு எழுபத்து நான்கு வயதில் கிடைக்கிற ஒரே ஊர்வலம் அதுதான். இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காக்கி உறையில் போட்டு இடது தோளில் சாய்த்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நேர்வழி இருக்கும்போதே பூங்காவைச் சுற்றி, பால் பூத்தைச் சுற்றி, கோயிலைச் சுற்றிப் போவார். எந்த வாசலில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "என்ன செய்ய? அரசாங்கம் நம்மளக் கண்டு பயப்படுது."

சைனிக்புரி, தெலுங்கு நாட்டுத் தலைநகரின் ஓரத்தில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக உண்டான இடம். அவருக்கு இடப்பக்கம் ஒரு கர்னல், வலப்பக்கம் ஒரு விங் கமாண்டர், எதிர்வீட்டில் வேலூர்ப் பக்கத்துக் கேப்டன் ராமச்சந்திரன். மூவரும் சர்க்கார் துப்பாக்கியைச் சர்க்காரிடமே கொடுத்துவிட்டு வந்தவர்கள். நடுவே திருநாவுக்கரசு மட்டும் பாதுகாப்புத் துறையின் ஓர் ஆய்வுக்கூடத்து ஸ்டோரில் முப்பத்து நான்கு வருஷம் திருகாணியும் கோந்து பாட்டிலும் எடுத்துக் கொடுத்த குமாஸ்தா. தெருவிலேயே துப்பாக்கி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அதுவும் கல்யாணத்தால் வந்த சொத்து. கடையம் பக்கத்தில் மாமனார் பன்றி விரட்ட வைத்திருந்தது, அவர் காலமானபின் லைசென்ஸ் மாறி இங்கே வந்து சேர்ந்தது.

வந்த பிறகு அது வெடித்ததாக யாரும் கேட்டதில்லை. வெடித்த கதைகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஒரு பன்றியைச் சுட்டாராம். குண்டு பாறையில் பட்டுத் திரும்பி, புறப்பட்ட குழலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதாம். "அதனால நமக்குத் தோட்டாச் செலவே கிடையாது" என்பார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். நல்லமலைக் காட்டில் ஜீப்பின் மூக்கில் ஏறி நின்ற சிறுத்தைக்கு, இரண்டு காதுக்கும் நடுவில் குண்டாலேயே வகிடு எடுத்துவிட்டாராம். அது வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டதாம். கேட்டவர்கள் நம்பினார்களா என்றால், கேட்டார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஊர்வலத்துக்கு முன்னால் இன்னொரு சடங்கு உண்டு. 'என் துப்பாக்கியை மட்டும் வாங்கக் கூடாது' என்று ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதுவார். விலக்கு தருவதற்கென்று ஒரு குழு இருக்கிறது. அது தராது. தராது என்று தெரிந்ததால்தான் அவருக்கு அத்தனை வீரம். மனுவில் 'டிஸார்ம்', அதாவது ஆயுதத்தைப் பறிப்பது, என்ற வினைச்சொல் ஆறு இடத்திலாவது வந்தாக வேண்டும். அபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அட்டையில்லாத பெரிய அகராதியில் அந்தச் சொல்லின் குலம் கோத்திரம் எல்லாம் பார்த்து வைத்திருந்தார். காலை நடையில் கேப்டன் ராமச்சந்திரன் தப்பிக்க முடியாது.

"லத்தீன்ல 'ஆர்மா'ன்னா ஆயுதம்னு நெனைக்காதீய. முதல்ல அது வெறும் கருவி, தளவாடம். அதுக்கும் அடியில ஒரு பழைய வேர் இருக்கு. ஒண்ணோட ஒண்ணப் பொருத்துததுன்னு அர்த்தம். தோளோட பொருந்தி இருக்கதால கைக்கும் 'ஆர்ம்'னே பேரு. பிரெஞ்சுக்காரன் முன்னால ஒரு 'தெஸ்' போட்டான், கழட்டுடான்னு ஆச்சு. இங்கிலீஷ்காரன் அறுநூறு வருஷத்துக்கு முன்னால அவங்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டான்."

"இன்னா சார், நீங்க சொல்றதப் பாத்தா துப்பாக்கியப் புடுங்கறது கையப் புடுங்கற மாதிரில்ல கீது?"

"அதேதான்! இத மனுவுல போட்டுருதேன்."

போட்டும்விட்டார். இந்தத் தடவை பாராளுமன்றத் தேர்தல். சட்டசபைத் தேர்தலுக்குப் போன துப்பாக்கி திரும்பி வந்தே சில மாதம்தான் ஆகியிருந்தது. மனுவைக் கொடுத்துவிட்டு, சட்டையை இஸ்திரிக்குப் போட்டுவிட்டு, வராத விலக்குக்காக நிம்மதியாகக் காத்திருந்தார்.

விலக்கு வந்துவிட்டது.

காரணம் கேப்டன். அவர் குடியிருப்போர் சங்கத் தலைவரும்கூட. நண்பருக்கு இன்ப அதிர்ச்சி தரலாமென்று, தெருக்காரர்கள் நாற்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு சிபாரிசுக் கடிதத்தை மனுவோடு சேர்த்துவிட்டார். சங்கிலி பறிக்க வந்தவனைத் திருநாவுக்கரசு வெறும் செருமலாலேயே விரட்டியது வரை அதில் இருந்தது. குழுவில் யாருக்கு மனம் இளகியதோ, 'இன்னாரிடம் ஆயுதம் இருப்பது வட்டாரத்தின் பாதுகாப்புக்கு நல்லது' என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

கேப்டன் உத்தரவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "சார்! வர ஞாயித்துக்கெழம பத்து மணி, நம்ம சமூகக் கூடத்துல. துப்பாக்கிய எப்டித் தெறக்கணும், எப்டித் தோட்டா போடணும், எப்டி பத்திரமா எடுக்கணும்னு எல்லார் முன்னாலயும் நீங்க செஞ்சி காட்றீங்க. ஹப்சிகுடாவுல இருந்து எங்க சம்பந்திகூட வர்றாரு. இட்லி சொல்லிட்டேன்."

திருநாவுக்கரசு தலையாட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கியைக் கட்டில்மேல் கிடத்தி, மனைவியைக் கூப்பிட்டார்.

"வேதா, இத எப்படித் தெறக்கணும்?"

வேதா கையில் இருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தாள். "இருவத்திரெண்டு வருசமா வச்சிருக்கீய. எங்கிட்ட கேக்கீய?"

உண்மை அதுதான். அவர் அதைத் திறந்ததே இல்லை. மாதம் ஒருமுறை வெளிப்பக்கம் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஸ்டேஷனில் ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒரு கான்ஸ்டபிள் வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் திறந்து, குழலை எட்டிப் பார்த்து, மூடிவிடுவார். அந்த நேரம் திருநாவுக்கரசு மானஸ்தராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஐந்து தேர்தல், ஐந்து தடவையும் சுவர். சுவரில் இருந்த அறிவிப்புகளெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அங்கே அழுத்தினார், இங்கே திருகினார். அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு பித்தளைத் துண்டு இருந்தது. அதைத் தொடப் பயமாக இருந்தது.

"எங்கப்பா ஒத்தக் கையால தெறப்பாவ" என்றாள் வேதா.

"எந்தக் கை?"

"நான் பாக்கலையே. நான் பன்னியப் பாத்துக்கிட்டிருந்தேன்."

நாற்பத்தொரு வீடு. கர்னல் முன்வரிசையில் உட்காருவார். திறக்கத் தெரியாமல் நின்றால் பன்றி போய்விடும், சிறுத்தை போய்விடும், இருபத்திரண்டு வருஷமாகத் தோளில் சுமந்த மரியாதை மொத்தமும் இட்லி ஆறுவதற்குள் போய்விடும். தப்பிக்க ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமைக்குள் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. இத்தனை காலம் 'என்னிடமிருந்து வாங்காதே' என்று கெஞ்சியவர், இனி 'வாங்கிக்கொள்' என்று கெஞ்ச வேண்டும்.

சனிக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போடவில்லை. துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் படுக்கவைத்து, நேர்வழியில் போனார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கர்ட்டன் ராடா சார்?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் திருநாவுக்கரசு.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. ஷர்மிளா, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூட வாசலில் ஹிந்தி என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுவார். "அரே, கைக்கு சார், எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க? உங்களுக்குத்தான் ஆர்டர் வந்துடுச்சே. பூரா கமிஷனரேட்ல ஏழு பேருக்குத்தான் குடுத்திருக்காங்க. பெரிய ஆளு சார் நீங்க."

"நீங்க வாங்கி வச்சிக்கிடுங்கம்மா."

"நக்கோ சார், வேணாம். விலக்கு குடுத்தவர்கிட்ட நான் வாங்கினா, எதுக்கு வாங்கினன்னு என்னைக் கேப்பாங்க. காரணம் எழுதிக் குடுங்க."

திருநாவுக்கரசு யோசிக்கவே இல்லை. பொய்க்கு அவர் என்றுமே யோசித்ததில்லை. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"ஹவ்வா, அப்படியா? அப்போ கண் டாக்டர் சர்டிபிகேட் இணைக்கணும்."

போன வருஷமே ஆபரேஷன் ஆகி, கண் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டது. "கை நடுங்குது."

ஷர்மிளா தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். சொன்னது மறந்துபோய், ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கிக் குடித்துவிட்டார். "அதுக்கும் சர்டிபிகேட் சார்."

"வீட்டுக்காரி வேண்டாங்கா."

"அம்மா வந்து கையெழுத்துப் போடணும்."

வேதா வந்தால் வேறு என்னென்னவோ சொல்லுவாள். "ஒருத்தன் மிரட்டுதான்."

"யாரு? பேரு, வயசு, அடையாளம் சொல்லுங்க. இப்பவே எஃப்.ஐ.ஆர். போடறேன்." எஸ்.ஐ. உண்மையிலேயே பேனாவை எடுத்துவிட்டார்.

திருநாவுக்கரசு கோப்பையைக் கீழே வைத்தார். ஒவ்வொரு பொய்க்கும் ஓர் இணைப்புக் கேட்கிறார்கள். "இணைப்பு இல்லாம எழுதணும்னா என்னம்மா எழுதலாம்?"

"நெஜத்த எழுதுங்க சார். அதுக்கு ஒண்ணும் வேணாம்."

எழுதினார். ஒரு முழுப் பக்கம். 'டிஸார்ம்' ஒரே ஒரு தடவைதான் வந்தது. 'இந்தத் துப்பாக்கியை நான் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. திறக்கவும் தெரியாது. நான் சொன்ன வேட்டைகள் எதுவும் நடக்கவில்லை. ஆகவே என்னை டிஸார்ம் செய்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.' எழுதி முடித்துப் படித்தபோது, வேறு யாரோ ஓர் உப்புச்சப்பில்லாத மனிதன் எழுதியது போல இருந்தது.

ஷர்மிளா படித்தார். சிரிக்கவில்லை. போலீஸ் வேலையில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவர், இதைவிடப் பெரிய வாக்குமூலமெல்லாம் பார்த்திருப்பார். துப்பாக்கியை வாங்கினார்.

"அம்மா, ஒரு நிமிசம். கொஞ்சம் மெதுவா."

இந்தத் தடவை அவர் சுவரைப் பார்க்கவில்லை. ஷர்மிளா கட்டை விரலால் அந்தப் பித்தளைத் துண்டை வலப்பக்கம் தள்ளினார். துப்பாக்கி நடுவில் மடிந்து, இரண்டு குழலும் தலை குனிந்தன. உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு வட்டமாக வெளிச்சம் தெரிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார். சங்கத்துக்காரங்க சிபாரிசு பண்ணியிருக்காங்கல்ல, உங்க லெட்டர் ஒரு காப்பி அவங்களுக்கும் போகும்."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கேப்டன் வந்துவிட்டார். சவரம் பாதியில் நின்றிருந்தது. கையில் போன், போனில் கடிதம்.

"சார், இது இன்னா சார்?"

"கடுதாசி."

"பன்னி பொய்யின்னு எனக்குத் தெரியும். குண்டு திரும்பி வர்றது, அது சரி, வயசானவரு சொல்றாருன்னு விட்டுட்டேன். புலியுமா பொய்யி?"

"புலி இல்ல, சிறுத்த. அதுவும் இல்ல."

கேப்டன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிப்போனது. "சார், நான் பட்டாளத்துல இருவத்தெட்டு வருசமும் பதிவேட்டு ஆபீஸ்லதான் இருந்தேன். எங்க சம்பந்தி நடேசன் ஒரு நாள், 'நீங்க என்ன சண்ட பாத்தீங்க'ன்னு கேட்டுட்டாரு. பொண்ணக் குடுத்த எடம். வாய் தவறி உங்க புலியச் சொல்லிட்டேன். சுட்டது நீங்கன்னுதான் சொன்னேன். நான் பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சேன்னு மட்டும் சேத்துக்கினேன்."

உள்ளே வேதா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

"துப்பாக்கி ரிப்பேருக்குப் போச்சுன்னு சொல்லிடலாம் சார்."

"போலீசுல கையெழுத்துப் போட்டு நெசத்த எழுதியிருக்கேன் கேப்டன். இன்னைக்கி மாத்திச் சொன்னா, நேத்து எழுதினது பொய்யின்னு ஆயிரும். அதுக்கு என்ன செக்‌ஷனோ!"

"சரி, எல்லாத்தையும் சொல்லுங்க. புலிய மட்டும் விட்டுடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும்."

பத்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கர்னல். அவர் பக்கத்தில், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, ஒல்லியாக ஒரு பெரியவர். அவர்தான் நடேசன், ரயில்வேயில் விபத்து விசாரணைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். திருநாவுக்கரசு வெறுங்கையோடு மேடை ஏறினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இடது தோள் லேசாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கு. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். ஏன்னா, எனக்கு அதத் தெறக்கத் தெரியாது."

கூடம் குலுங்கிச் சிரித்தது.

அவர் விடவில்லை. பன்றியை ஒருபோதும் பார்த்ததில்லை, கடையத்தில் மாமனார் வீட்டு வரப்பில் அது போன தடத்தைப் பார்த்ததுதான் என்றார். கர்னல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கிலி பறிக்க வந்தவன் கூரியர் பையன், இவர் செருமியதில் அவனுக்குச் சளி ஒட்டியிருக்கும் என்று பயந்து போய்விட்டான் என்றார். விங் கமாண்டரின் மனைவி, "போதும் அங்கிள், வயிறு வலிக்குது" என்றார். சிறுத்தையை விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் கூட்டம் அப்படிச் சிரிக்கும்போது நடுவில் நிறுத்தத் தெரிந்தவராக இருந்தால் அவருக்கு இந்தக் கதியே வந்திராது. "நல்லமலையில நான் போனது ஆபீஸ் பஸ்சுல. ஸ்ரீசைலம் டூர். துப்பாக்கி வீட்டுப் பரண்ல கெடந்துது. வழியில டீக்கடைக்குப் பின்னால ஒரு நாய் நின்னுது. செவல நாய். அதுதான் சிறுத்த."

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. "இத்தனை வருஷத்தில் இதுதான் உன் பெஸ்ட்" என்று கர்னல் இங்கிலீஷில் கத்தினார். ஒருவரும் நம்பவில்லை. பொய் சொன்ன அதே முகத்தோடுதான் அவர் உண்மையையும் சொன்னார். வேறு முகம் அவரிடம் இல்லை.

யாரோ ஒரு குடையைக் கொடுத்து அதிலாவது செய்து காட்டச் சொன்னார்கள். கட்டை விரலை வைத்து, வலப்பக்கம் தள்ளி, நடுவில் மடிகிற விதத்தைக் காட்டினார். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. குடைக்குச் சொந்தக்காரர் மட்டும் கொஞ்சம் பதறினார்.

இட்லி வரிசையில் நடேசன் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். அவர் கடைசிவரை சிரிக்கவில்லை என்பதைத் திருநாவுக்கரசு மேடையிலிருந்தே பார்த்திருந்தார்.

"சார், நான் முப்பது வருஷம் விபத்து விசாரணையில இருந்தவன். கேங்மேன் ஒண்ணு சொல்லுவான், டிரைவர் ஒண்ணு சொல்லுவான். ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. உங்க சிறுத்தைக்கு டார்ச் பிடிச்சேன்னு எங்க சம்பந்தி எங்கிட்ட சொல்லியிருக்காரு. நீங்க அது நாய்ங்கறீங்க. ரெண்டு பேர்ல யாரு பொய்?"

நாலடி தள்ளிக் கேப்டன் சட்னிக் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்து சட்னி சொட்டுவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

நாற்பத்தொரு வீட்டுக்குச் சொல்லியும் நம்பாத உண்மையை, நம்புவதற்கென்று ஹப்சிகுடாவிலிருந்து ஒருத்தர் வந்திருக்கிறார். திருநாவுக்கரசு இட்லியைச் சாம்பாரில் புரட்டினார்.

"நான்தான் பொய்."

"எப்போ? அப்போ சொன்னதா, இப்போ சொன்னதா?"

"இப்ப மேடையில சொன்னது. சிறுத்ததான் அது. நான் சுடும்போது எனக்கே கை ஆடிச்சு. டார்ச் புடிச்ச மனுசன் இம்மி அசையல. பட்டாளத்து ஆளுல்லா."

நடேசன் அவரையே பார்த்தார். "அப்ப ஏன் மேடையில அப்படிச் சொன்னீங்க?"

"தன்னடக்கம்" என்றார் திருநாவுக்கரசு.

நடேசன் மெல்லத் தலையை ஆட்டினார். பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் குறை. திரும்பிப் போய்ச் சம்பந்தியின் தோளில் தட்டி, கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பாத்திரத்தில் வைத்தார். கேப்டன் அரைச் சவரத்தோடு நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்த்தால், பதிவேட்டு ஆபீஸ் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இட்லி வரிசையில் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த வேதா, அவரோடு வீட்டுக்கு நடந்தாள். கோயில் திருப்பம் தாண்டியதும் கேட்டாள்.

"நெசம் பேசி ஒரு நாளு தாங்கலையே உங்களுக்கு. அந்த டார்ச்சுக்கு எத்தன செல்லு?"

"மூணு" என்றார் திருநாவுக்கரசு. "அதுல ஒண்ணு தீந்துபோச்சு. அதான் சிறுத்தயோட இடது காது சரியாத் தெரியல."